துளையின் அளவும் காயத்தின் அளவும்
பெரிய சிறுநீரகக் கற்களுக்கான நுண்துளை அறுவை குறித்து ஒரு விசாரணை

1. கேள்வி

சிறுநீரக அறுவை அரங்குகளில் குழாய்களையும் உறைகளையும் அளக்க இன்றும் பயன்படுவது, பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்துவந்த ஷாரியேர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல்தான். ‘ஃபிரெஞ்ச்’ என்று வழங்கும் அந்த அலகில் மூன்று சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் விட்டம். கடந்த நாற்பது ஆண்டுகளின் கல் அறுவை வரலாற்றை இந்த அலகிலேயே எழுதிவிடலாம். 1980களில் விலாப்புறத் தோலைத் துளைத்துச் சிறுநீரகத்துக்குள் இறக்கப்பட்ட உறை 30 ஃபிரெஞ்ச் வரை இருந்தது. அதாவது 10 மி.மீ. புத்தாயிரத்தை ஒட்டி அது 18, 15 என இறங்கியது. 2011-இல் குஜராத்தின் நதியாடிலிருந்து, 4.85 ஃபிரெஞ்ச் ஊசி ஒன்றின் வழியாகவே கல்லைப் பொடித்ததாக அறிக்கை வெளியானது. அந்த ஊசியின் விட்டம் ஏறத்தாழ 1.6 மி.மீ.

மருத்துவமனை விளம்பரப் பலகைகள் இதை நேர்க்கோட்டு முன்னேற்றமாகச் சொல்கின்றன: முதலில் நீண்ட கீறல், பிறகு துளை, பிறகு சிறுதுளை, இப்போது துளையே இல்லை. கேட்பவருக்கும் அது நியாயமாகவே படுகிறது. சின்னத் துளை என்றால் சின்னக் காயம்தானே?

அப்படித்தானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கேள்வி பெரிய கற்களைப் பற்றியது மட்டும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கல்லுக்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் எதைத் தேர்ந்தாலும் பெரும்பாலும் நன்றாகவே முடிகிறது. 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லிலும், சிறுநீரகத்தின் உள்ளறைகள் முழுக்கக் கிளைவிட்டு வளரும் மான்கொம்புக் கல்லிலும்தான் முறைகளுக்கிடையே உண்மையான வேறுபாடு தெரியவரும். ஐரோப்பிய, அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கங்களின் வழிகாட்டல்கள் இரண்டும் 2 செ.மீ.யைத் தாண்டிய சிறுநீரகக் கல்லுக்கு முதல் தேர்வாகச் சொல்வது, தோல்வழித் துளையிட்டுக் கல்லை எடுக்கும் பிசிஎன்எல் முறையைத்தான்.

நீளத்தை மட்டும் சொல்லும்போது ஒரு விஷயம் மறைந்துபோகிறது. 2 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கல்லின் கனஅளவு சுமார் 4 கன செ.மீ.; 3 செ.மீ. கல்லுடையது 14. விட்டம் ஒன்றரை மடங்குதான். உடைத்து வெளியே எடுக்க வேண்டிய பொருளோ மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ஸ்கேன் அறிக்கையில் நெருங்கிய எண்களால் குறிக்கப்படும் இரு கற்கள் அறுவை அரங்கில் முற்றிலும் வேறு வேறு வேலைகளாக அமையலாம்.

2. கீறலிலிருந்து துளைக்கு

கல்லடைப்பு பழைய நோய். சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சுசுருதர் விவரித்திருக்கிறார். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் உறுதிமொழியோ கல்லுக்காகக் கத்தி வைக்க மாட்டேன் என்று மருத்துவரைச் சொல்ல வைக்கிறது. ஆனால் சிறுநீர்ப்பை வேறு, சிறுநீரகம் வேறு. இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரு சிறுநீரகங்கள் வழியாகப் பாய்கிறது. அதைப் பிளப்பது நெடுங்காலம் உயிரைப் பணயம் வைக்கும் காரியமாகவே இருந்தது.

எங்கே பிளந்தால் குருதிப்போக்கு குறையும் என்ற தேடலில் ஓவியர் ஒருவருக்கும் இடமுண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் படங்கள் வரைந்துவந்த மாக்ஸ் புரோடெல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முன்புறத் தமனிகளும் பின்புறத் தமனிகளும் சந்திக்கும் எல்லையில் பெருங்குழாய்கள் அருகிய தளம் ஒன்று இருப்பதைக் காட்டினார். சிறுநீரகத்தைத் துளைக்கும் மருத்துவர்கள் இன்றும் ‘புரோடெல் கோடு’ என்று பேசிக்கொள்வது அதைத்தான். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஸ்மித்தும் பாய்ஸும் அந்தத் தளத்திலேயே சிறுநீரகத்தைத் திறந்து மான்கொம்புக் கல்லை முழுதாக எடுக்கும் அறுவையை முறைப்படுத்தினார்கள். கல் போனது உண்மை. அதற்கு விலாவில் நீண்ட கீறல், தசைகளை வெட்டுதல், வாரக்கணக்கில் படுக்கை என்று விலை கொடுக்க வேண்டியிருந்தது. கல் திரும்ப வளர்ந்தால், தழும்பேறிய அதே இடத்தை மறுபடி திறப்பது முதல் தடவையைவிடக் கடினம்.

துளை வழி தனித்தனித் துண்டுகளாக வந்து சேர்ந்தது. 1941-இல் ரூப்பெல், பிரவுன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், அறுவையால் முன்பே போட்டிருந்த வடிகுழாய்த் தடத்தின் வழியாகக் கல்லொன்றை எடுத்தார்கள். 1955-இல் வில்லர்ட் குட்வினும் சகாக்களும், அடைபட்டு வீங்கிய சிறுநீரகத்தைத் தோல்வழி ஊசியால் துளைத்து வடியவைத்ததைப் பதிவு செய்தார்கள். இரண்டையும் இணைத்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். கதிரியக்கவியலாளர் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் சிறுநீரகவியலாளர் யோஹான்சனும் கல்லை எடுப்பதற்காகவே துளை போட்டு, அதைப் படிப்படியாக விரித்து, மூன்று நோயாளிகளின் கற்களை வெளியே கொண்டுவந்ததாக 1976-இல் எழுதினார்கள்.

மூன்றே பேர். ஆனால் அடுத்த பத்தாண்டில் உலகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பீட்டர் ஆல்கென், பழைய ரேடியோ ஏரியலைப்போல ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் உலோக விரிப்பான்களை வடிவமைத்தார். மினசோட்டாவில் குர்ட் ஆம்பிளாட்ஸும் ஆர்தர் ஸ்மித்தும் இருந்த குழுவிலிருந்து, கருவி போய்வரத் திறந்த பாதையாக நிற்கும் உறை வந்தது. ‘ஆம்பிளாட்ஸ் உறை’ இல்லாத கல் அறுவை அரங்கு இன்று அரிது. 1985-இல் மேயோ கிளினிக்கின் செகுராவும் சகாக்களும் ஆயிரம் நோயாளிகளின் அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்டபோது, திறந்த அறுவையின் காலம் முடிவை நெருங்கியிருந்தது.

இடையில் ஒரு குறுக்கீடு. 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசியின் குழு, விமானத் தயாரிப்பு நிறுவனமான டோர்னியரின் கருவியைக் கொண்டு, உடலுக்கு வெளியிலிருந்து அனுப்பிய அதிர்வலைகளால் முதன்முதலாக ஒரு மனிதரின் சிறுநீரகக் கல்லை உடைத்தது. துளையும் வேண்டாம், கீறலும் வேண்டாம். பிசிஎன்எல் பிறந்த வேகத்திலேயே வழக்கொழியும் என்று பலர் எண்ணினார்கள். பெரிய கற்கள் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கின. கல் உடைந்தது, துண்டுகள் வெளியேறவில்லை. சிறுநீர்க்குழாயில் வரிசைகட்டி நின்று அடைத்தன. 1997-இல் மெரெட்டிக்கும் சகாக்களும் மான்கொம்புக் கல் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது, பிசிஎன்எல்லையும் அதிர்வலையையும் சேர்த்துப் பெற்ற பிரிவில் 74 சதவீதத்தினர் கல்லற்றவர்களாயினர். அதிர்வலைச் சிகிச்சையை மட்டும் பெற்றோரில் 22 சதவீதத்தினரே.

கூர்ந்து பார்த்தால், துளையே இல்லாத முறை துளையுள்ள முறையிடம் பெரிய கற்களின் களத்தில் தோற்றது. பிற்கால விவாதங்களில் இந்தப் பாடம் அடிக்கடி மறக்கப்படுகிறது.

3. துளை ஏன் சுருங்கியது

குழந்தைகளால். ஐந்து வயதுக் குழந்தையின் சிறுநீரகத்துக்குள் 10 மி.மீ. உறையை இறக்குவது எந்த மருத்துவருக்கும் உவப்பானதல்ல. 1997, 1998 ஆண்டுகளில் அமெரிக்காவில் சிறுவர்களுக்காக மெல்லிய உறைகள் பயன்படுத்தப்பட்டன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜாக்மன் குழு கையாண்டது இரத்தக்குழாய் வேலைகளுக்கான 11 ஃபிரெஞ்ச் உறை. பெரியவர்களுக்கு ஏன் கூடாது என்று விரைவிலேயே கேட்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் லாமே, நாகெலே குழுக்கள் ‘மினி’ பிசிஎன்எல்லைப் பெரியவர்களுக்குப் பரப்பின. சீனாவின் குவாங்சோவில் அது அன்றாட முறையாகவே ஆனது. அங்கு செங் குவோஹுவாவின் குழு 2013-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டது.

இந்தியாவின் பங்கு இதில் பார்வையாளர் பங்கல்ல. 1978-இல் நிறுவப்பட்ட நதியாடின் முல்ஜிபாய் பட்டேல் சிறுநீரக மருத்துவமனையில் மகேஷ் தேசாய் குழுவினர், துளைக்கும் ஊசிக்குள்ளேயே ஒளியிழையைப் பொருத்தி, உள்ளே போகும்போதே பாதையைக் கண்ணால் காணும் ‘மைக்ரோ’ முறையை 2011-இல் முன்வைத்தார்கள். அகமதாபாதில் ஜனக் தேசாய் 2013-இல் ‘அல்ட்ரா மினி’ முறையை விவரித்தார்.

இங்கே நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைக்ரோ முறையின் முதல் அறிக்கையில் இருந்தவர்கள் பத்துப் பேர். அவர்களின் கற்கள் சராசரியாக ஒன்றரை செ.மீ.க்கும் குறைவு. அல்ட்ரா மினியின் முதல் வரிசையும் 2 செ.மீ.க்குட்பட்ட கற்களுக்கானதுதான். 1.6 மி.மீ. ஊசி வழியாகத் துண்டுகளை வெளியே எடுக்கவே இயலாது. பொடியாக்கி, இயற்கையாக வெளியேறட்டும் என்று விட வேண்டும். முறையை உருவாக்கியவர்களுக்கு இந்த எல்லை தெளிவாகத் தெரிந்திருந்தது. எல்லை கலங்கியது பிறகுதான். சிறிய கல்லுக்காக வடித்த கருவியின் பெருமை பெரிய கல்லின் விளம்பரத்தில் ஏறிக்கொண்டது.

4. இரத்தம்: எதிரெதிர்ச் சாட்சியங்கள்

துளையைச் சுருக்குவதற்கான முதன்மை வாதம் இரண்டு பகுதிகள் கொண்டது. சிறிய துளை சிறுநீரகத் திசுவைக் குறைவாகச் சேதப்படுத்தும். குறைவாக இரத்தம் கசியவைக்கும். இரண்டையும் ஒன்றாகச் சொல்வது வழக்கம். சாட்சியங்களோ இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கின்றன.

திசுச் சேதத்தைப் பற்றிய மிகக் கூர்மையான சோதனை 2001-இல் டெக்சாஸிலிருந்து வந்தது. டிராக்ஸரும் சகாக்களும் பன்றிகளின் சிறுநீரகங்களில் சிலவற்றுக்கு 30 ஃபிரெஞ்ச் துளையும் சிலவற்றுக்கு 11 ஃபிரெஞ்ச் துளையும் போட்டு, ஆறிய பிறகு தழும்பின் கனஅளவை அளந்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விரிப்பான் திசுவை வெட்டியெடுப்பதில்லை, ஒதுக்கித் தள்ளுகிறது. உறையை எடுத்ததும் திசு மீண்டும் கூடிக்கொள்கிறது. விட்டம் மூன்றில் ஒரு பங்கானால் தழும்பும் அந்த விகிதத்தில் குறையும் என்ற கணக்கு உயிருள்ள திசுவில் செல்லவில்லை. பன்றி மனிதரல்ல, எண்ணிக்கையும் சிறியது என்ற ஆட்சேபங்கள் நியாயமானவை. இருந்தாலும் துளை விட்டத்தைத் திசுச் சேதத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் பேச்சுக்கு இந்தச் சோதனை வைத்த தடை இன்னும் அகலவில்லை.

இரத்தக் கசிவின் கதை வேறு. நதியாடிலேயே 2004-இல் குக்ரேஜாவும் சகாக்களும் வெளியிட்ட முன்னோக்கு ஆய்வு, இரத்த இழப்பைக் கூட்டும் காரணிகளில் துளையின் அளவையும் சேர்த்தது. ஆனால் அது மட்டுமல்ல: எத்தனை துளைகள், எவ்வளவு நேரம், நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டா என்பவையும் பட்டியலில் இருந்தன. சீனாவின் 20 மையங்களில், 2 முதல் 4 செ.மீ. வரையிலான கற்களுக்கு 18 ஃபிரெஞ்சையும் 24 ஃபிரெஞ்சையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2021-இல் வெளியானது. கல்லை அகற்றுவதில் மினி முறை வழக்கமான முறைக்குக் குறைந்ததல்ல என்றும், ஹீமோகுளோபின் சரிவு மினியில் குறைவு என்றும் அது காட்டியது. ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட ஆய்வு என்பதால் இதை எளிதில் ஒதுக்க முடியாது.

ஆக, மிதமான சுருக்கத்துக்கு ஆதரவு உண்டு. கவனியுங்கள், ஒப்பீடு 24-க்கும் 18-க்கும் இடையிலானது. 24-க்கும் 5-க்கும் அல்ல. 4 செ.மீ.யைத் தாண்டிய கல்லையோ முழு மான்கொம்பையோ பற்றி அந்த முடிவு எதுவும் சொல்லவில்லை.

துளை எவ்வளவு அகலம் என்பதைவிட எங்கே விழுகிறது என்பது முக்கியமாக இருக்கலாம். ரியோ டி ஜெனிரோவில் பிரான்சிஸ்கோ சம்பையோ, இறந்தோரின் சிறுநீரகங்களில் பிசினை ஊற்றி உறையவைத்து, உள்ளறைகளும் இரத்தக்குழாய்களும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று வார்ப்புகளில் காட்டினார். கிண்ணம் போன்ற உள்ளறையின் கழுத்து வழியாகத் துளைத்தால், மேல், கீழ் முனைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வார்ப்புகளில் ஏதோவொரு குழாய் சிதைந்தது. கிண்ணத்தின் நுனி வழியாகத் துளைத்தபோது சேதம் அரிது. 1990களிலிருந்து இது பாடநூல் விதி: நுனியில் குத்து, கழுத்தைத் தொடாதே.

விதி இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. கிரேக்கத்தின் பாட்ராஸ் நகரில் லியாட்சிகோஸ், கல்லிடோனிஸ் குழுவினர் நுனியை விட்டு நேராக மையப்பகுதியை நோக்கித் துளைத்து வருகிறார்கள். குலுக்கல் முறையில் ஒப்பிட்டபோது இரத்த இழப்பில் வேறுபாடு காணவில்லை என்று 2017-இல் அறிவித்தார்கள். உயிரற்ற வார்ப்பு காட்டும் ஆபத்து உயிருள்ள உடலில் அதே அளவில் நிகழ்வதில்லை என்பது அவர்கள் வாதம். மறுதரப்போ, கைதேர்ந்த ஒரு மையத்தின் பாதுகாப்பு எல்லா மையங்களுக்கும் பொருந்தாது என்கிறது. இரண்டாவது வாதமே இப்போதைக்கு வலுவானது. நல்ல கைகள் விதியை மீறித் தப்பிப்பது விதி தவறென்று நிரூபித்துவிடாது.

பெருங்குருதிப்போக்கு வந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் வடிகுழாயை மூடிவைத்தாலோ ஓய்வு கொடுத்தாலோ நின்றுவிடும். நிற்காதபோது தொடைத் தமனி வழியே நுண்குழாயைச் செலுத்திக் கசியும் குழாயை அடைக்கிறார்கள். ஆர்தர் ஸ்மித்தின் குழு 1995-இல் 2,200 நோயாளிகளை ஆராய்ந்தபோது 17 பேருக்கு இது தேவைப்பட்டிருந்தது, 0.8 சதவீதம். இதெல்லாம் அகலத் துளைகளின் காலத்தில்.

5. அழுத்தமும் கிருமியும்

துளை சுருங்கும்போது கண்ணில் படாமல் ஒன்று கூடுகிறது. கல்லை உடைக்கும் நேரம் முழுக்க, பார்வை தெளிய உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அகல உறையில் அந்த நீர் கருவியின் பக்கங்களில் தாராளமாகத் திரும்பி வழியும். ஒடுங்கிய உறையில் கருவிக்கும் சுவருக்கும் இடையே இடமே இல்லை; நீர் உள்ளே தேங்குகிறது. சிறுநீரகத்தின் உள்ளழுத்தம் 30 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினால் உள்ளிருக்கும் திரவம் சிரைகளுக்குள்ளும் நிணநீர்ப் பாதைகளுக்குள்ளும் பின்னோக்கிப் புகத் தொடங்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. திரவத்தோடு கிருமிகளும் அவற்றின் நச்சும் போகும்.

மான்கொம்புக் கல்லில் இது சாதாரண விஷயமல்ல. அவற்றில் பல, புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரமாக்குவதால் வளரும் ஸ்ட்ரூவைட் கற்கள். கிருமி கல்லின் மேல் மட்டும் ஒட்டியிருப்பதில்லை. கல்லின் உள்ளேயும் குடியிருக்கிறது. எடின்பரோவில் மாரியப்பன், டோலி உள்ளிட்டோர் 2005-இல் காட்டியது இதோடு சேர்த்து வாசிக்கத்தக்கது: சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த சிறுநீரின் கிருமிச் சோதனையைவிட, அறுவையின்போது எடுத்த கல்லின் சோதனையும் சிறுநீரகத்துக்குள்ளிருந்து எடுத்த சிறுநீரின் சோதனையுமே பின்னால் வரும் தொற்றதிர்ச்சியை நன்றாக முன்னறிவித்தன. அறுவைக்கு முன் ‘கிருமி இல்லை’ என்று வரும் சோதனை அறிக்கை, கல்லுக்குள் கிருமி இல்லை என்பதற்கு உத்தரவாதமல்ல.

கசிந்த இரத்தத்தை ஏற்றிக் கொடுக்கலாம். தொற்று இரத்தத்தில் பரவும் செப்சிஸ் அப்படியல்ல, காலையில் சிரித்துக்கொண்டு அரங்குக்குப் போனவர் இரவில் இரத்த அழுத்தம் சரிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பார். இரத்தத்தைக் குறைக்க ஒடுக்கிய துளை செப்சிஸுக்கு வாசல் திறக்குமானால், லாபக் கணக்கை மறுபடி போட வேண்டியதுதான்.

நல்லவேளையாகக் கருவி வடிவமைப்பாளர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். நாகெலேயின் மினி உறையில், பின்வாங்கும் கருவியைத் தொடர்ந்து நீர்ச்சுழல் தானாகவே துண்டுகளை வெளியே இழுத்து வரும்படி உள்வடிவம் அமைக்கப்பட்டது. குவாங்சோவின் ‘சூப்பர் மினி’யில் உறையிலேயே நீர் போகும் பாதையும் உறிஞ்சும் பாதையும் தனித்தனியாக உண்டு, உள்ளழுத்தம் தாழ்ந்தே இருக்கிறது. சிறுதுளை அறுவையின் வரலாற்றில் உண்மையான முன்னேற்றம் எது என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், விட்டம் குறைந்ததைவிட இந்த உறிஞ்சும் ஏற்பாட்டைச் சொல்வதே பொருந்தும். விளம்பரப் பலகையில் அதற்கு இடமில்லை. மில்லிமீட்டரைப்போல அதை எளிதில் சொல்லிவிட முடியாது.

6. ‘கல் இல்லை’ என்று எப்போது சொல்வது

எல்லா ஒப்பீடுகளும் ஓர் எண்ணில் வந்து நிற்கின்றன: கல்லற்றோர் சதவீதம். அந்த எண் பார்க்கும் கருவியைப் பொறுத்தது. எக்ஸ்ரேயில் ‘சுத்தம்’ என்று தெரியும் சிறுநீரகத்தில் சி.டி. ஸ்கேன் துண்டுகளைக் காட்டுவது அன்றாடம் நடப்பது. 2007 முதல் 2009 வரை 96 மையங்களில் 5,803 பேரைப் பின்தொடர்ந்த குரோயெஸ் பன்னாட்டு ஆய்வு, பிசிஎன்எல்லுக்குப் பின் 75.7 சதவீதத்தினர் கல்லற்றவர்கள் என்றது. இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் 5.7 சதவீதம், காய்ச்சல் கண்டவர்கள் 10.5 சதவீதம். இத்தகைய பெருந்தொகுப்பில் எல்லோரையும் ஒரே கருவியால் பார்த்திருக்க முடியாது. அனைவருக்கும் சி.டி. எடுத்திருந்தால் முதல் எண் இன்னும் தாழ்ந்திருக்கும் என்று கொள்ளவே இடமிருக்கிறது.

அடுத்தது, எந்த அளவுத் துண்டை ‘பொருட்படுத்தத் தேவையில்லை’ என்று விடலாம் என்பது. 4 மி.மீ.க்குக் கீழான எச்சங்கள் பாதகமற்றவை என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 2022-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆய்வு வேறு கோணத்திலிருந்து இதைத் தொடுகிறது. வேறொரு கல்லுக்காக அறுவை செய்யும்போது, தொல்லை தராத சிறு கற்களையும் எடுத்துவிட்ட நோயாளிகளில் 16 சதவீதத்தினருக்கே கல் தொல்லை திரும்பியது. விட்டுவைத்தவர்களில் 63 சதவீதத்தினருக்கு. மொத்தம் 73 பேர்தான். அறுவையின் எச்சத் துண்டுகளைப் பற்றிய ஆய்வும் அல்ல அது. இருந்தும், சிறியதை விட்டுவைப்பதன் செலவு நாம் எண்ணியதைவிட அதிகம் என்று சந்தேகிக்க அது போதுமானது.

பொடித்து விடும் முறைகளுக்கு இது சங்கடமான சாட்சி. ஒடுங்கிய துளை அதிகம் பொடிக்கச் சொல்கிறது; அதிகம் பொடித்தால் அதிகம் எஞ்சுகிறது. கிருமி குடியிருக்கும் கல்லில் எஞ்சிய தூளும் அடுத்த மான்கொம்புக்கு வித்தாகலாம்.

7. துளையே இல்லாத வழி

ஆர்ஐஆர்எஸ் என்று எல்லோரும் சொல்லும் முறையில் சிறுநீர் வரும் இயற்கைப் பாதையிலேயே வளையும் மெல்லிய உள்நோக்கி ஏறிச் சென்று, லேசரால் கல்லைப் பொடிக்கிறது. 1990களில் வந்த ஹோல்மியம் லேசர் இதைச் சாத்தியமாக்கியது. அண்மையில் வந்த தூலியம் ஃபைபர் லேசரின் ஆற்றலை நீர் சுமார் நான்கு மடங்கு அதிகமாக உறிஞ்சுவதால், கல் இன்னும் நுண்மையான தூளாகிறது. நடுத்தரக் கற்களுக்கு இது பெரிய வரம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கும் துளை ஆபத்தாகும் வேறு சிலருக்கும் மாற்றே இல்லாத வழி.

பெரிய கல்லுக்கு? 2012-இல் அபூமர்சூக்கும் சகாக்களும் ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து, 2 செ.மீ.க்கு மேற்பட்ட கற்களில் உள்நோக்கி முறையால் 93.7 சதவீதம் வெற்றி என்று அறிவித்தார்கள். பிசிஎன்எல்லைவிட மேலல்லவா என்று தோன்றும். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஒரு நோயாளிக்குச் சராசரியாக 1.6 முறை அறுவை. கற்களின் சராசரி அளவோ 2.5 செ.மீ.தான். இரண்டு தடவை மயக்க மருந்து, இடையில் சில வாரம் சிறுநீர்க்குழாயில் ஸ்டென்ட், அது தரும் எரிச்சல், அடிக்கடி ஓட வைக்கும் அவசரம், வேலைக்குப் போகாத நாட்கள். தோலில் துளை இல்லை என்பதால் இவையெல்லாம் காயக் கணக்கில் வராமல் போகின்றன. தினக்கூலியில் வாழ்பவரிடம் கேட்டால், ஒரே தடவையில் முடியும் ஒரு சென்டிமீட்டர்த் துளையையே அவர் தேர்ந்தெடுக்கக்கூடும்.

உறிஞ்சும் வசதி இப்போது வளையும் நுனியுள்ள சிறுநீர்க்குழாய் உறைகளுக்கும் வந்திருக்கிறது. கல் கிடக்கும் அறையின் வாசல்வரை உறையே போய்த் தூளை இழுத்துக்கொள்கிறது. தொடக்க முடிவுகள் நம்பிக்கை தருபவை. 2 செ.மீ. என்ற பழைய எல்லைக்கோடு இதனால் சற்று நகரலாம். முழு மான்கொம்பின் பக்கம் அது வர இன்னும் தூரம் இருக்கிறது. இரு பாதைகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவோரும் உண்டு. நோயாளியை மல்லாந்து கிடத்தி, ஒருவர் கீழிருந்து உள்நோக்கியோடும் ஒருவர் பக்கவாட்டுத் துளை வழியாகவும் வேலை செய்யும் முறையை இத்தாலியின் ஸ்கோஃபோனே குழு 2008-இல் விவரித்தது. இரண்டாவது, மூன்றாவது துளைகளின் தேவையை இது குறைக்கிறது. ஒரு பெரிய துளையைச் சிறிதாக்குவதைவிட மூன்று துளைகளை ஒன்றாக்குவது கூடுதல் லாபம் என்பதை நதியாடின் இரத்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

8. கிடத்தும் விதமும் கையும்

மல்லாந்த நிலைக்குத் தனி வரலாறு உண்டு. நோயாளியைக் குப்புறக் கிடத்துவதே நெடுநாள் மரபு. ஸ்பெயினின் சரகோசாவில் வால்டிவியா 1980களின் இறுதியிலேயே மல்லாந்த நிலையில் பிசிஎன்எல் செய்து காட்டினார்; உலகம் ஏற்கத் தயங்கியது. குரோயெஸ் ஆய்வில்கூட எண்பது சதவீதத்தினர் குப்புறக் கிடந்தவர்கள்தான். அதில் குப்புறக் கிடத்தியோரில் 77 சதவீதமும் மல்லாந்தோரில் 70.2 சதவீதமும் கல்லற்றோராயினர். காய்ச்சலும் இரத்தம் ஏற்றலும் மல்லாந்தோரில் குறைவு. இதைக் குலுக்கல் ஆய்வாக வாசிக்கக் கூடாது. யாரை எப்படிக் கிடத்துவது என்று மருத்துவரே தீர்மானித்த தொகுப்பு இது. பருமனானவர்கள், நுரையீரல் பலவீனமானவர்கள் விஷயத்தில் மயக்கவியல் மருத்துவர் மல்லாந்த நிலையையே விரும்புவார்.

கையைப் பற்றிய தரவுகள் இன்னும் வெளிப்படையானவை. பயிற்சி பெறும் மருத்துவர் ஏறத்தாழ அறுபது அறுவைகளுக்குப் பிறகே தன்னிச்சையாகச் செய்யும் தகுதியை எட்டுகிறார் என்றும், நேர்த்திக்கு நூறைத் தாண்ட வேண்டும் என்றும் கற்றல் வளைவு ஆய்வுகள் கூறுகின்றன. கடினமான படி கல்லை உடைப்பதல்ல. முதல் ஊசியைச் சரியான கிண்ணத்தில் சேர்ப்பது. சில நாடுகளில் கதிரியக்கவியலாளர் துளைத்துக் கொடுக்க, அறுவை மருத்துவர் அதன் வழியே நுழைகிறார். இந்தியாவில் பொதுவாகச் சிறுநீரகவியலாளரே இரண்டையும் செய்கிறார். எக்ஸ்ரே திரையில் பார்த்துத் துளைப்போர் ஒருபுறம். கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்டை நம்புவோர் மறுபுறம். ஒரே 18 ஃபிரெஞ்ச் உறை இருவேறு கைகளில் இருவேறு அறுவையாகிவிடுகிறது. நோயாளி கேட்டறிய வேண்டிய எண் உறையின் விட்டமா, அந்த மருத்துவர் செய்து முடித்த அறுவைகளின் எண்ணிக்கையா என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. பின்னதைத்தான் கேட்க வேண்டும்.

9. தொடாமல் விடுவது

எல்லாத் துளைகளுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: மான்கொம்புக் கல்லை எடுத்தே ஆக வேண்டும். அதன் வேர் லண்டனில் பிளாண்டியும் சிங்கும் எழுதிய கட்டுரையில். தற்செயலாக, ஸ்வீடனின் மூன்று நோயாளிகள் அறிவிக்கப்பட்ட அதே 1976-இல்தான் அதுவும் வந்தது. அறுவையின்றி விடப்பட்டவர்களில் பத்தாண்டுகளில் 28 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். அறுவை செய்யப்பட்டவர்களில் 7.2 சதவீதம். அதன்பின் வந்த வழிகாட்டல்கள் பலவும் இந்த எண்களின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் அறுவைக்கு அனுப்பப்படாதவர்கள் ஏன் அனுப்பப்படவில்லை? பலர் முதலிலேயே நலிந்தவர்கள். சிலருக்குப் பிற நோய்கள். 28 சதவீதத்தில் கல்லின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று அந்தக் காலத் தரவிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. 2016-இல் பர்மிங்காமிலிருந்து டாய்ச், சுப்பிரமோனியன் இருவரும் வெளியிட்ட சிறு தொகுப்பு, அறுவையை மறுத்தோ இயலாமலோ கண்காணிப்பில் இருந்த இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்களைப் பற்றியது. ஒரு பக்கத்தில் மட்டும் கல் இருந்து, தொல்லையும் தராதவர்களின் நிலை அஞ்சியதைவிட மேலாக இருந்தது. இரு பக்கமும் கல் உள்ளவர்கள் மோசமடைந்தார்கள்.

இருபது சொச்சம் பேரை வைத்து நாற்பதாண்டு வழக்கத்தைப் புரட்டிவிட முடியாது. இளவயதில், அடிக்கடி தொற்று வரும், ஒரு சிறுநீரகமே உள்ள ஒருவரிடம் காத்திருக்கச் சொல்வது தவறு. ஆனால் எண்பது வயதில், இதய நோயோடு, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக மான்கொம்பு தெரியவந்த முதியவரிடம் 30 ஃபிரெஞ்சா 18 ஃபிரெஞ்சா என்று பேச்சைத் தொடங்குவதற்கு முன், அறுவையே வேண்டுமா என்ற கேள்வியை அவர் பிள்ளைகள் முன்னிலையில் மருத்துவர் எழுப்பியாக வேண்டும். அந்தப் பேச்சுக்குத் தேவையான குலுக்கல் ஆய்வு மட்டும் நம் கையில் இல்லை.